இலவச இடத்துக்கு நான் கட்டிய பணம்

என் மகள் இப்போது ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில், கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆங்கிலத்தில் சுருக்கமாக ஆர்டிஇ) 25 சதவீத இடஒதுக்கீட்டில் படித்தாள். அதாவது இலவசமாகப் படித்தாள். அந்த இலவசத்துக்கு நான் கட்டிய பணத்தைச் சென்ற மாதம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டியது. கையில் ரசீது இருப்பதை மட்டும் கூட்டிய கணக்கு இது. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்து, திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குள் வந்தபோது நனைந்து கூழாகிப்போன தாள்கள் இதில் சேரவில்லை. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் நான். கைக்குட்டை வாங்கினாலும் எண் போட்ட பில் கொடுத்து அனுப்புகிறோம். பள்ளிக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தபோது நான் வாயைத் திறக்காமல் வந்திருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தத் திட்டமே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் நீதிமன்றம் போய் எதிர்த்தும், 2012-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நயினார்குளம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவரின் மகளும், அந்த மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார வழி செய்த சட்டம் அது. என் கணவர் மூட்டை இறக்குகிறவர்தான். இன்று கேட்டாலும் விண்ணப்பிப்பேன். ஆனால் என்னென்ன வரும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதிப் பணமும் முக்கால்வாசி அழுகையும் மிச்சமாகியிருக்கும்.

2014-இல் இப்போதுபோல இணையத்தில் விண்ணப்பிக்கிற வசதி கிடையாது. பள்ளிக்குப் போய்ப் படிவம் வாங்க வேண்டும். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம் அல்லவா, அந்த நினைப்பில் முதலில் அங்கே பழைய, பெயர்பெற்ற பள்ளிகளில் போய்க் கேட்டேன். “எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது அம்மா” என்று வாசலிலேயே சொன்னார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்கள் சொன்னது சரி. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் மிஷன் பள்ளிகள் அதிகம் என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இப்போது கல்வித் துறையின் இணையதளத்தில் எந்தெந்தப் பள்ளியில் எத்தனை இடம் என்று பட்டியல் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பிறகு செருப்பைத் தேய்க்கலாம்.

அடுத்து வருமானச் சான்றிதழ். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனால் அவர் கூட்டத்துக்குப் போயிருப்பார், கையெழுத்து வாங்கினால் வருவாய் ஆய்வாளர் விடுப்பில் இருப்பார். கடையில் விடுப்புக் கேட்டுக் கேட்டு முதலாளி அண்ணாச்சியின் முகம் மாறத் தொடங்கியது. கடைசியில் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, படிவத்தைப் பார்த்த ஓர் அலுவலர், “உங்களிடம்தான் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் இருக்கிறதே, இது எதற்கு?” என்றார். இந்தச் சட்டத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்’. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் எல்லாரும் இதில் வருவார்கள். இவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் போதும். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறன் குழந்தைகள், துப்புரவுத் தொழிலாளர்களின் குழந்தைகள் போன்றவர்கள் இதிலேயே சிறப்புப் பிரிவு, அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. இன்னொரு கதவு ‘நலிவடைந்த பிரிவினர்’. இரண்டு லட்சம் வரம்பு அவர்களுக்குத்தான். எந்தக் கதவு உங்களுடையது என்று முதலில் பாருங்கள். நான் தேவையில்லாத கதவின் முன்னால் ஒரு மாதம் நின்றேன்.

முகவரிதான் நிஜமான தலைவலி. பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. எங்கள் குடும்ப அட்டை முக்கூடலில் அம்மா வீட்டு முகவரியில் இருந்தது. வாடகை ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், ஏதோ வீட்டையே எழுதிக் கேட்டதுபோலப் பயந்தார். குழந்தைக்கு இரண்டு வயது முடியும்போதே குடும்ப அட்டையையும் ஆதாரையும் இப்போது இருக்கும் வீட்டு முகவரிக்கு மாற்றி வைத்துவிடுங்கள். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31-இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், கடைசி மாதத்தில் ஓடினால் எதுவும் கைக்கு வராது.

விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமாக வந்ததால் குலுக்கல் நடந்தது. பள்ளி வளாகத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, சீட்டுகளை ஒரு நீல பிளாஸ்டிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். யு.கே.ஜி. போகும் ஒரு சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் கை குடத்தின் அடிவரை எட்டவில்லை, மேலே கிடந்த சீட்டுகளையே எடுத்தாள். என் மகளின் சீட்டு மேலே கிடந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெயர் வராமல் திரும்பிப் போனார். எனக்குச் சந்தோஷத்தைவிட அந்த முகம்தான் வெகுநாள் நினைவில் இருந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். “அரசு பீஸ் மட்டும்தான் தருகிறது. புத்தகம், நோட்டு, யூனிபார்ம், ஷூ, அடையாள அட்டை, டைரி எல்லாம் நீங்கள்தான் கட்ட வேண்டும்” என்றார் கணக்காளர். ஒரு துண்டுத்தாளை நீட்டினார். பள்ளியின் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, முத்திரை இல்லை. பென்சிலில் 4,200 என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. அன்றைக்கு என் மாதச் சம்பளமே ஐயாயிரத்துச் சொச்சம். சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்துக் கட்டினேன். கேள்வி கேட்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளையை நாள் முழுவதும் அவர்கள் கையில் விட்டுவிட்டு வருகிறோம், நாம் இங்கே பேசுவதை அங்கே அவள் தலையில் இறக்கிவிடுவார்களோ என்ற பயம். நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான். இலவச இடத்தில் பிள்ளை படிக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

பணம் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. ஒரு குழந்தைக்கு அரசு தன் பள்ளியில் செலவிடும் தொகை, அந்தத் தனியார் பள்ளிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம், இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. பள்ளி உண்மையில் வசூலிப்பது அதைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்தை எங்கிருந்தாவது எடுக்கப் பார்ப்பார்கள். அரசுப் பணமும் உரிய காலத்தில் வருவதில்லை, வருடம் கழித்தும் வரும். பள்ளிகளின் கஷ்டமும் எனக்குப் புரிகிறது, ஆசிரியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும் அல்லவா. ஆனால் அந்தக் கடனை மூட்டை தூக்குகிறவரின் வீட்டில் வாங்கலாமா? மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, “அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்று ஆறாயிரம் ரூபாய் வாங்கினார்கள். இன்றுவரை வரவில்லை. முன்பணம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் பள்ளியின் பெயர், தேதி, எதற்காக, எப்போது திருப்பித் தரப்படும் என்பதெல்லாம் எழுதிய ரசீது வாங்குங்கள். அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். கேட்கத் தெரிந்த பெற்றோர் என்று தெரிந்தாலே பென்சில் பேனாவாக மாறிவிடும்.

பணத்தைவிட என்னை உலுக்கியது வேறொன்று. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துத் தம்பிக்கு டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு செருப்பை மட்டும் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். “அது ஏன் தனியாக இருக்கிறது?” என்று கேட்டான் சின்னவன். “அது ஆர்டிஇ. கூப்பிடும்போதுதான் எழுந்து வரணும்” என்றாள், வெகு சாதாரணமாக. எனக்குக் கையிலிருந்த முறம் நழுவியது. விசாரித்தபோது தெரிந்தது: கட்டணத் தாள், படிவம் எதுவாக இருந்தாலும் வகுப்பில் “ஆர்டிஇ பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்று சொல்லித்தான் கொடுப்பார்களாம். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள்.

மறுநாள் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. அலுவலகத்தில் அப்படிப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுவிட்டேன் என்றார். இந்தக் குழந்தைகளை மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்கார வைக்கக் கூடாது, வேறு நேரத்தில் தனி வகுப்பு வைக்கக் கூடாது, புத்தகம், நூலகம், விளையாட்டு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று இந்தச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. குழந்தையை மனத்தளவில் துன்புறுத்துவதையும் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் தெரிந்தவளைப்போல அன்றைக்கு நான் பேசவில்லை, செருப்புக் கதையைத்தான் சொன்னேன். அந்த ஆசிரியை அதோடு நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் வேறு ஆசிரியை, மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஒவ்வொரு ஜூன் மாதமும் புது வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, படிவம் எதுவானாலும் டைரிக்குள் வைத்து அனுப்புங்கள் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். சண்டை போடத் தேவையில்லை. பெரும்பாலும் யோசிக்காமல் செய்கிற காரியம்தான் அது.

பாடத்திலும் தடுமாற்றம் இருந்தது. டைரியில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவார்கள், நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள் என்பதால் ஒருவாறு புரிந்துகொள்வேன். என் வரிசையில் நிற்கும் மற்றத் தாய்மார்கள் அலைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பிக் கேட்பார்கள். கடைசியில் தெருவில் கல்லூரி போய்வரும் ஒரு பெண்ணிடம் மாதம் முந்நூறு ரூபாய்க்கு மாலையில் உட்கார வைத்தேன். பத்து வருடத்தில் நான் செய்த செலவுகளில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் தராத செலவு அதுதான். மாறாக, ஆண்டு விழா உடை, சுற்றுலா, செய்முறைப் பொருள் என்று கேட்டதெல்லாம் கட்டாயமில்லை. சுற்றுலாவுக்குப் பணம் கட்டாமல் விட்ட வருடம் மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசிவிட்டாள்.

ஏழாம் வகுப்பில், 2022-இல், புத்தகம், ஸ்மார்ட் கிளாஸ் என்று எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய் கேட்டார்கள். கொரோனாவில் மார்க்கெட் படுத்து, கடையில் சம்பளத்தைக் குறைத்து, நாங்கள் எழுந்து நிற்கவே முடியாமல் இருந்த நேரம். என் கம்மல் ஏற்கெனவே அடகில் இருந்தது. அப்போதுதான் கோபம் பயத்தைத் தாண்டியது. திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்தேன். கேட்ட தொகை, தேதி, துண்டுத்தாளின் நகல் எல்லாம் இணைத்தேன். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகரவில்லை. சில வாரங்களில் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்குக் கேட்டார்கள். மூன்றாயிரம் குறைத்தார்கள். கணக்காளர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். ஆனால் எட்டு வருடமாக நான் பயந்தது நடக்கவில்லை, பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது என்று சட்டத்தின் 16-ஆம் பிரிவில் இருக்கிறது என்பதும் எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. மறு வருடமே, 2023-இல், சீருடை, புத்தகம் உள்ளிட்ட செலவுகளையும் அரசே ஏற்க வேண்டும், பெற்றோரிடம் வசூலிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இப்போது மனு எழுதுகிறவர்கள் அதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். நேரில் போக முடியாதவர்கள் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கேட்கலாம். தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக மாவட்டக் கல்வி அலுவலரும் இப்போது இருக்கிறார்.

எட்டாம் வகுப்பின் நடுவில்தான் வெள்ளம். பிள்ளைகள் மாடி வீட்டில் ஏறி நின்றார்கள், புத்தகப் பை மிதந்து போனது. பிறகு நடந்த சிறப்பு முகாமில் சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்தோம். ரசீதுகளுக்கு முகாம் கிடையாது. அலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தவை மட்டும் தப்பின. ஆகவே வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

மார்ச்சில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் 32,000, புத்தகம் தனி. சட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. இதைச் சேர்க்கும்போது யாரும் சொல்வதில்லை, நாமும் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பதினான்கு வயதைப் பற்றி யோசிப்பதில்லை. இனி அரசுப் பள்ளிதான் என்று மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “அங்கே என் கூடப் படிக்கிறவர்கள் யாராவது வருகிறார்களா?” ஒதுக்கீட்டில் சேர்ந்த இன்னும் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். பத்து வருடம் ஒன்றாகப் படித்துவிட்டு அந்த நான்கு பேரும் ஒரே நாளில் வெளியேறினார்கள். இதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு என்றால், அது எட்டாம் வகுப்பு வரைக்குமானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது 7,400 ரூபாய் பாக்கி என்றார்கள். எதற்கு என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் இல்லை. பேசிப் பேசி நாலாயிரத்துக்கு இறங்கினார்கள். ஜூனில் முதலாளி அண்ணாச்சியிடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தேன். ஜூலையில் உயர் நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று தீர்ப்புச் சொன்னதைக் கடையில் பேப்பரில் படித்தேன். அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பைப் பார்த்து, கூட வேலை செய்கிறவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நல்ல காரியம் ஒன்றும் நடந்தது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, “ஆறு முதல் எட்டு வரை 25 சதவீத ஒதுக்கீட்டில் படித்தாள் என்று பழைய பள்ளியில் ஒரு படிப்புச் சான்று வாங்கி வந்துவிடுங்கள்” என்றார். எதற்கு என்று கேட்டேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆனால் எட்டு வரை இந்த ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதில் சேர்த்தி. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அப்படியே. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் நாளைக்கு அவளைத் தனியார் பள்ளியில் படித்தவள் என்று ஒதுக்கிவிடுவார்கள். எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால், மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே பள்ளி முத்திரையோடு இதையும் வாங்கிவிடுங்கள். சில வருடம் கழித்துப் போனால் ஆளும் மாறியிருப்பார்கள், பதிவேடும் கிடைக்காது.

2025-இல் என் அண்ணன் மகளுக்கு எல்.கே.ஜி. வயது. ஏப்ரலிலிருந்து மதினி என்னிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார், இணையத்தில் விண்ணப்பமே வரவில்லை. ஒன்றிய அரசிடமிருந்து வர வேண்டிய கல்வி நிதி நின்றுபோய், மாநில அரசும் சேர்க்கையைத் தொடங்காமல் இழுத்து, கடைசியில் அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் பணம் கட்டிப் பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளிலிருந்தே தகுதியானவர்களை எடுத்தார்கள், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஜூனில் மதினி சேர்க்கப் போகும்போதே நான் கூடப் போனேன். சாதிச் சான்றிதழ், முகவரி எல்லாம் தயாராக இருந்தன. துண்டுத்தாளை நீட்டினார்கள். பள்ளி பெயர் போட்ட ரசீது வேண்டும் என்று மதினி சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். உள்ளே போய் ரசீதுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தார்கள். நவம்பரில் பதினான்காயிரம் திரும்பி வந்தது. புத்தகத்துக்கு வாங்கிய 3,600-ஐ மட்டும் தர மறுக்கிறார்கள். மதினி அதற்கும் மனு எழுதிவிட்டார், வரும் திங்கட்கிழமை கொக்கிரகுளம் போகிறோம்.